விழுந்து விழுந்து சிரித்த விமர்சகர் ஏன் சலித்துப்போகிறார்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பெங்களூரில் வேலை பார்ப்பவர். மாரத்தஹள்ளியில் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) இருந்த காலத்தில் அறை நண்பர்களோடு சேர்ந்து ஒரு தமிழ் யூடியூப் விமர்சகரை வாராவாரம் பார்ப்பாராம். படத்தைக் கிழித்துத் தொங்கவிடும் நக்கல் விமர்சகர். அந்த ருசியிலேயே தேடிப்போய் அமெரிக்காவின் ‘நாஸ்டால்ஜியா கிரிட்டிக்’ வரைக்கும் பார்த்திருக்கிறார். இப்போது கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டில் குடித்தனம். அதே தமிழ் விமர்சகரின் புது வீடியோவைப் போட்டால் சிரிப்பு வரவில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறார். பக்கத்தில் இருந்த மனைவி, “இவர் ஏங்க எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கார்?” என்று கேட்டதும் மிச்சமிருந்த ஆர்வமும் போய்விட்டதாம். “மாறினது நானா, அவரா? சந்தாவை எடுக்கவும் மனசு வரல, பார்க்கவும் முடியல. வேற யாரைப் பார்க்கலாம்?” இதுதான் கேள்வி.

பெரும்பகுதி அவர்தான். உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த ஊரில் யூடியூப் சேனல்களுக்கு வீடியோ எடிட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சினிமா விமர்சனச் சேனல்களுக்கும் செய்திருக்கிறேன். எந்தச் சேனல் என்பது இங்கே வேண்டாம். நீங்கள் சொல்லும் ஆள் அவர்களில் ஒருவரா என்றும் கேட்காதீர்கள்.

நக்கல் விமர்சகருக்கு முதலீடு அவருடைய வாய்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் அவருடைய முதலீடு, அவர் ஏமாந்தது. ஆசையாகக் காசு கொடுத்து உள்ளே போய், இரண்டரை மணி நேரத்தைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வந்த ஒருவர் நம்மிடம் புலம்புகிறார். நாமும் அதே வாரம் அதே மாதிரி ஏமாந்திருக்கிறோம். அதனால் அவர் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் உறுத்துவதில்லை. இந்த வகை நகைச்சுவை எங்கே முளைத்தாலும் இந்த அடிப்படையில்தான் முளைத்திருக்கிறது.

1988இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பைத்தியக்கார விஞ்ஞானிகள் ஒரு மனிதனை விண்கலத்தில் அடைத்து, மட்டமான படங்களாகப் போட்டு வதைக்கிறார்கள். அவன் துணைக்கு ரோபோக்களைச் செய்துகொண்டு, அவற்றோடு உட்கார்ந்து படத்துக்குக் கமெண்ட் அடிக்கிறான். திரையின் கீழ்ப்பக்கம் அவர்களுடைய தலைகள் நிழலாகத் தெரியும், நாமும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் போல. அவன் கைதி, எழுந்து போக முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவன் என்ன சொன்னாலும் நாம் அவன் கட்சி.

டக் வாக்கர் 2007இல் ‘நாஸ்டால்ஜியா கிரிட்டிக்’ வேஷத்தோடு யூடியூபுக்கு வந்தார். அவர் கையில் எடுத்தது 80களிலும் 90களிலும் வந்த படங்களை, அதாவது அவர் தலைமுறை சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்த படங்களை. அந்த வீடியோக்களில் அடி வாங்குவது படம் மட்டுமில்லை, அதை ஒருகாலத்தில் நம்பிய பொடியனும்தான். 2009 கடைசியில் ரெட் லெட்டர் மீடியா என்கிற குழு, ஸ்டார் வார்ஸ் வரிசையின் 1999ஆம் வருடப் படத்தைப் பற்றி 70 நிமிட விமர்சனம் ஒன்று போட்டது. பேசுகிறவர் பிளிங்கெட் என்று ஒரு கற்பனைக் கிழவர். வார்த்தையை மென்று விழுங்குவார், ஆள் கொஞ்சம் ஆபத்தானவரும்கூட. ஆனால் திரைக்கதையில் எங்கே ஓட்டை என்பதை அந்த அரைக்கிறுக்கர் சொன்ன அளவுக்கு வேறு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நம்மைவிட மோசமான நிலைமையில் இருக்கிற ஒருவர் சொல்வதால் அந்தத் தெளிவு நமக்கு மிரட்டலாகத் தெரியவில்லை.

இதை நம் ஆட்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகை, அதாவது சிரிப்பு, பிறக்கிற இடம் நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட உரையாசிரியர் இன்னும் ஒரு படி போகிறார். எள்ளல் என்றால் தான் பிறரை எள்ளி நகுவதும் உண்டு, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவதும் உண்டு. அதுபோலவே மற்றவற்றிலும் தன் பக்கம், பிறர் பக்கம் என்று இரண்டு இருக்கிறது என்று பிரிக்கிறார். ஆக எட்டு வழி. உங்கள் விமர்சகருடைய ஆரம்ப கால வீடியோக்களை எடுத்துப் பாருங்கள், எட்டு வழியிலும் போய்வந்திருப்பார். டிரெய்லரை நம்பியது அவருடைய மடமை. இரண்டாம் பாதி புரியாமல் முழித்தது அவருடைய பேதைமை. விசில் அடிக்கிற இடத்தில் தன்னை மறந்து விசில் அடித்துவிட்டு அசடு வழிந்ததும் இருக்கும். இன்றைக்கு மிச்சம் இருப்பது ஒரே வழி, பிறரை எள்ளுவது. சத்தம் கூடியிருப்பதும் அதனால்தான். எட்டு வாய்க்காலில் வந்த தண்ணீரை ஒன்றில் விட்டால் அப்படித்தான் இரையும்.

ஒரு உதாரணத்தை எழுதிக் காட்டுகிறேன், இரண்டுமே நான் இட்டுக்கட்டியவை. விஷயம் ஒன்றுதான்: படத்தில் ஸ்லோமோஷன் அதிகம். பழைய பாணியில் இப்படி வரும்: “இண்டர்வெல்ல பாப்கார்ன் வாங்கப் போனேன் சார். கியூவுல இருபது நிமிஷம். திரும்பி வந்து பக்கத்து சீட்டு அண்ணன்கிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டேன். ‘நீங்க போகும்போது ஹீரோ மேல ஒரு அருவா வீசினாங்கல்ல, அது இன்னும் வந்துக்கிட்டு இருக்கு தம்பி’ன்னாரு.” இப்போதைய பாணியில் இப்படி: “ஸ்லோமோஷன்னா ஸ்லோமோஷன், அப்படி ஒரு ஸ்லோமோஷன்! இவனுங்க கையில யாருடா கேமராவைக் குடுத்தது? நத்தைகூட இதைவிட வேகமாப் போகும்டா டேய்!”

முதலாவதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கியூவில் மாட்டிய விமர்சகர், அலுத்துப்போன அண்ணன், வந்துகொண்டே இருக்கும் அருவா. எந்தச் சண்டைக்காட்சி, எவ்வளவு நீளம், தியேட்டரில் மனநிலை என்ன என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. படம் பார்க்காதவனும் சிரிப்பான். இரண்டாவதில் ஒருவர்தான் இருக்கிறார், கையில் சாட்டை இருக்கிறது. அருவாவும் இல்லை, தியேட்டரும் இல்லை. எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம், ஒட்டவும் செய்கிறார்கள். ‘சார்’ போய் ‘டேய்’ வந்திருப்பதையும் கவனியுங்கள். நம்மிடம் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது படம் எடுத்தவரைப் பார்த்துப் பேசுகிறார். நாம் வேடிக்கை பார்க்கிறோம். உங்கள் மனைவியின் காதில் விழுந்தது அதுதான். பழைய பாசம் இல்லாத காது என்பதால் சட்டென்று பிடித்துவிட்டார்.

இது எப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘புகழ் தலைக்கேறிவிட்டது’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கிற பதில். தலைக்கனம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் வேலை செய்த ஆட்களில் பலர் நேரில் சாது. வேறொன்று நடக்கிறது.

ஒரு வீடியோ போட்ட இரண்டொரு நாளில் யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு கோட்டுப்படம் வரும். ரிடென்ஷன் கிராஃப் என்போம். இடமிருந்து வலமாக வீடியோவின் நேரம், மேலிருந்து கீழாக எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. முதல் அரை நிமிடத்தில் கோடு செங்குத்தாக விழும், பிறகு மெதுவாகச் சரியும். நடுவில் அங்கங்கே சின்ன மேடு தட்டும், மக்கள் பின்னால் நகர்த்தித் திரும்பப் பார்த்த இடம் அது. அங்கங்கே பள்ளம் விழும், தாண்டிப் போன இடம். விமர்சன வீடியோக்களில் நான் பார்த்தவரை மேடு பெரும்பாலும் திட்டு விழுகிற இடத்தில் இருக்கும். பள்ளம், “ஒளிப்பதிவு பத்திச் சொல்லணும்னா” என்று தொடங்குகிற இடத்தில். விமர்சகர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்: “அடுத்த தடவை கேமராமேன் பார்ட்டைச் சுருக்கிடு, அங்கதான் ஆள் போறாங்க.” அந்த வாரத்துக்கு அது நியாயமான முடிவு. அடுத்த வாரம் துணை நடிகரைப் பாராட்டியது போகும். அதற்கடுத்த வாரம், தான் தியேட்டருக்குப் போன கதை போகும், “நேரா மேட்டருக்கு வாங்க” என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் இப்படிச் செதுக்கினால் என்ன மிஞ்சும்? எல்லோரும் வெண்பொங்கலில் முந்திரியைத்தான் தேடி எடுக்கிறார்கள் என்று அரிசியையும் பருப்பையும் விலக்கிவிட்டு முந்திரியை மட்டும் தொன்னையில் வைத்து நீட்டுவது மாதிரிதான். நான்காவது வாய்க்குத் திகட்டிவிடும்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை. பார்வையாளர் விரல் சொன்னதை அவர் கேட்டார், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் வீடியோவின் நீளத்தையும் விட முடியாது. 2012இல் யூடியூப், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. நடுவில் விளம்பரம் வைக்க வேண்டுமானால் முன்பெல்லாம் வீடியோ 10 நிமிடம் ஓட வேண்டும், 2020 ஜூலையிலிருந்து 8 நிமிடம். நான்கு நிமிடத்தில் முடிகிற விஷயம் எட்டு நிமிடம் பத்து நொடிக்கு எப்படி வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். பாராட்டை வெட்டியாகிவிட்டது, ஆகவே இழுப்பதற்குத் திட்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் ‘சினிமா சின்ஸ்’ என்று ஒரு சேனல். படத்தின் தப்புகளை மணியடித்து எண்ணுவார்கள். 2012 டிசம்பரில் அவர்கள் போட்ட முதல் வீடியோவின் தலைப்பிலேயே ‘2 நிமிடத்துக்குள்’ என்று இருந்தது. பிற்பாடு கால் மணி நேரம் ஓடுகிற வீடியோ அவர்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் சொல்லும்போது உண்மையான ஓட்டைகளை மட்டும் சொன்னால் போதும். கால் மணி நேரம் என்றால் ஓட்டை இல்லாத இடத்திலும் மணி அடித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது டிக்கெட். இதைப் பெங்களூர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. இங்கே மல்டிபிளெக்ஸில் ரஜினி, விஜய் படம் என்றால் முதல் நாள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறோம். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு 200 ரூபாய் என்று வரம்பு வைத்தது, அந்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்துவிட்டது. அல்சூர் பக்கம் லாவண்யா மாதிரியான பழைய தியேட்டருக்குப் போனால் தப்பிக்கலாம்; ஒயிட்ஃபீல்டிலிருந்து அங்கே வண்டியில் போய்வருகிற நேரத்தில் இன்னொரு படம் பார்த்துவிடலாம் என்பது வேறு விஷயம். ஆக, இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் மோசமான படத்துக்கு முதல் வாரம் போனால், மால் பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து வலிக்கிற அளவுக்குக் காசு போகிறது. ஆரம்பத்தில் உங்கள் விமர்சகருக்கும் அந்த வலி இருந்தது, டிக்கெட் விலையைச் சொல்லித்தான் வீடியோவையே ஆரம்பித்திருப்பார். இன்று டிக்கெட் அவருக்கு அலுவலகச் செலவு. வருமான வரிக் கணக்கில் எழுதிக்கொள்கிற காசுக்காக மனிதனுக்கு நிஜமாகக் கோபம் வராது. கோபம் வந்த மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. நடிப்பு எப்போதும் நிஜத்தைவிட ஒரு சுருதி கூடத்தான் இருக்கும்.

நேரமும் அவருக்கு எதிராக வேலை செய்கிறது. 2023 ஜனவரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்குக்கூட முதல் காட்சி பொதுவாகக் காலை 9 மணி என்றாகிவிட்டது. பெங்களூரிலும் கேரளாவிலும் அதற்கு முன்பே திரையிடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து ரசிகர்கள் ராத்திரியே கிளம்பி இங்கே வருவது அதற்காகத்தான். சென்னையில் இருக்கும் விமர்சகர் 9 மணிக் காட்சிக்குள் நுழையும்போதே படத்தின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டிருக்கும். மதியத்துக்குள் வீடியோ ஏறவில்லை என்றால் அந்த வாரம் போச்சு. இந்த அவசரத்தில் படம் பார்ப்பவர் படத்தை நம்பிப் பார்ப்பதில்லை. தம்ப்நெயிலுக்கு என்ன வார்த்தை, ஆரம்ப வரி என்ன என்று தேடிக்கொண்டே பார்க்கிறார். ஏமாறுவதற்கு அவருக்கு இப்போது நேரமில்லை.

கிளிப் விஷயம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் யூடியூபில் கிளிப்பைக் கண்டுபிடிப்பது இயந்திரம், அதற்குப் பிரிவு 52 தெரியாது. தவிர, தயாரிப்பாளர் தரப்பு புகார் கொடுத்து 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை எச்சரிக்கை, விழுந்தால் சேனலே போய்விடும். ரிலீஸ் நாளில் கையில் இருப்பது டிரெய்லர் மட்டும்தான். அதனால் நம் விமர்சகர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து வாயால் படத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. டக் வாக்கர் பழைய படங்களைத் தொட்டவரை காட்சியைப் போட்டுக் காட்டிச் சிரிக்க வைக்க முடிந்தது. சாட்சி திரையிலேயே இருந்தது. 2012இல் அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு வேறு நிகழ்ச்சி தொடங்கினார், அது எடுபடவில்லை, 2013இல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு புதுப் படங்களையும் எடுத்துக்கொண்டபோது கிளிப் போட முடியாமல் நடிகர்களை வைத்துக் காட்சிகளைக் கேலியாக நடித்துக் காட்டினார். பழைய ரசிகர்களில் ஒரு பகுதி அங்கேதான் விலகியது. “ஸ்கிட் நன்றாக இல்லை” என்பார்கள். எனக்குக் காரணம் வேறாகத் தெரிகிறது: போன வாரம் வந்த படத்தால் ஏமாந்த சின்னப் பையன் யாரும் இல்லை. அந்த வீடியோக்களில் அவர் வெறும் விமர்சகர்.

இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2024 நவம்பரில், ஒரு பெரிய பட்ஜெட் படம் விழுந்த சூட்டில், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடாதீர்கள் என்று அறிக்கை விட்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள், நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. சங்கத்தின் கோரிக்கை தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். காசு கொடுத்தவன் வாயை மூடு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அதன் பக்கவிளைவு பாருங்கள்: நக்கல் விமர்சகர்களுக்கு ஒரே வாரத்தில் போராளி வேஷம் கிடைத்துவிட்டது. வீடியோவில் முதல் மூன்று நிமிடம் தனக்கு வந்த மிரட்டல், தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார், தான் யாருக்கும் அஞ்சாதவன் என்பது. பிறகுதான் படம். போராளியைப் பார்த்து மதிக்கலாம், கைதட்டலாம். சிரிப்பது கஷ்டம்.

முன்பு வார இதழில் விமர்சனம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை என்பது ஒரு வேடிக்கை. ஆனந்த விகடனில் எழுதியவர் பெயர் இருக்காது, ‘விகடன் விமர்சனக் குழு’ என்று மட்டும் இருக்கும், கீழே மார்க். ‘பதினாறு வயதினிலே’ 62½ வாங்கியதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழுவில் யார் போனார், யார் வந்தார் என்று நமக்குத் தெரியாது. முகம் இல்லாததால் அலுக்கவும் இல்லை. முகத்தை நம்பி வந்த ரசிகனுக்குத்தான் அந்த முகம் சலிக்கும்.

இனி உங்கள் பங்கு. மாரத்தஹள்ளி அறையில் எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள்? சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரொவைன் என்கிற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஒருவன் முந்திக்கொண்டு சிரிப்பான், இன்னொருவன் வசனத்தைத் திருப்பிச் சொல்வான், மூன்றாமவன் அடுத்த நாள் ஆபீஸ் கேபில் அதையே சொல்லிக்காட்டுவான். அந்தச் சிரிப்பில் கணிசமான பங்கு விமர்சகருடையது இல்லை, உங்கள் அறை நண்பர்களுடையது. இப்போது சில்க் போர்டு நெரிசலில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 1.5 வேகத்தில் தனியாகப் பார்த்தால் அதே வரி பாதிதான் வேலை செய்யும். இந்தக் கணக்கை அவர் தலையில் எழுதாதீர்கள்.

சந்தாவை எடுக்க மனசு வராததற்கும் காரணம் உண்டு. திரையில் அடிக்கடி பார்க்கிற ஆளை நமக்குத் தெரிந்தவராகவே மனசு எடுத்துக்கொள்ளும், அவருக்கு நம்மைத் தெரியாது என்பது புத்திக்கு மட்டும்தான் தெரியும். டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர் 1956லேயே, தொலைக்காட்சியை வைத்தே, இதை எழுதிவிட்டார்கள். அதனால் சங்கடப்பட வேண்டாம், துரோகமும் இல்லை.

உண்மையில் யார் மாறினார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். அவருடைய பழைய வீடியோக்களில் நீங்கள் இதுவரை பார்க்காத ஒன்றைத் தேடுங்கள், முடிந்தால் நீங்கள் பார்க்காத படத்தைப் பற்றியது. ஏற்கெனவே பார்த்த வீடியோ உதவாது, அதைப் போட்டால் நண்பர்களின் சிரிப்பும் சேர்ந்து ஞாபகம் வந்துவிடும். பார்க்காத பழைய வீடியோவைத் தனியாகப் பாருங்கள். சிரிப்பு வந்தால் உங்கள் ரசனை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வரவில்லை என்றால், அந்த வகை நக்கலையே நீங்கள் கடந்து வந்துவிட்டீர்கள், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாவதுதான் நடக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மணிச் சின்னத்தில் போய் அறிவிப்பை நிறுத்துங்கள், சந்தா இருந்துவிட்டுப் போகட்டும். மாதக் கட்டணம் கட்டி மெம்பராக இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். பார்க்காத வீடியோவுக்குப் பணம் கட்டுவது அவருக்குமே தப்பான தகவல். படத்துக்கு முன்னால் அவரைப் பார்ப்பதை விடுங்கள். படம் பார்த்துவிட்டு, அதுவும் உங்களுக்கே எரிச்சல் வந்த படமாக இருந்தால், அன்றைக்கு அவரைப் போடுங்கள். அப்போது அவருடைய கத்தலுக்குள் இருக்கிற பழைய ஆள் சில இடங்களில் எட்டிப் பார்ப்பார். உங்களுக்குப் பிடித்த படத்தை அவர் கிழிக்கிற வீடியோவை மட்டும் தொடாதீர்கள், இருக்கிற மிச்சப் பிரியமும் போய்விடும்.

வேறு யாரைப் பார்க்கலாம் என்பதற்குப் பெயர் சொல்ல மாட்டேன், தொழில் அப்படி. அடையாளம் சொல்கிறேன். சந்தாதாரர் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். ரிலீஸ் ஆன மூன்றாம் நாளோ அடுத்த வாரமோ வீடியோ போடுகிறவராக இருக்க வேண்டும். எந்தத் தியேட்டர், எந்த சீட்டு, பக்கத்தில் யார் என்று உளறுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. இது தவிர பனசங்கரியில், 1971இல் தொடங்கப்பட்ட சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது. படம் முடிந்த பிறகு வெளியே நின்று பேசுகிறவர்கள் அங்கே உண்டு. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கத்தல் எது, பேச்சு எது என்று பிரித்துச் சொல்கிற காது அவருக்கு இருக்கிறது.

அவருக்கு எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதச் சொல்வேன். ‘அண்ணா சூப்பர்’ என்றும் ‘நீங்க பழைய மாதிரி இல்லை’ என்றும் அவருக்கு மூட்டை மூட்டையாக வரும். இரண்டையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம், எந்த வரிக்கு அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தீர்கள் என்று எழுதி, சேனல் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கோட்டுப்படத்தில் வராத தகவல் அது ஒன்றுதான். அவர் படிப்பாரா என்றால், ஆயிரம் சந்தாதாரர் இருந்தபோது அவரே படித்திருப்பார். இப்போது அந்தப் பெட்டியைத் திறப்பது பெரும்பாலும் என்னை மாதிரி ஒரு எடிட்டர். அந்த மாதிரி ஒரு கடிதம் வந்தால் நாங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடுத்த வீடியோவின் கோட்டுப்படத்தை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு அனுப்பிவிடுவோம்.